முதுகலை ஆய்வேட்டுக்குக் களப்பணி: மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் தகவல் திரட்டுவது எப்படி

வட்டார ஆய்வில் முதுகலை படிக்கிற பிள்ளைகளுக்கு ஆய்வேடு என்றதும் முதலில் வருகிற கவலை, எத்தனை பேரைப் பேட்டி எடுக்க வேண்டும் என்பதுதான். முப்பதா, ஐம்பதா, நூறா என்று வழிகாட்டி முன்னால் போய் நிற்பார்கள். எண்ணிக்கை பின்னால் வரட்டும். எந்த இடத்தில், யாரிடம், எந்த நேரத்தில், எதைப் பற்றிக் கேட்கிறோம் என்பதில்தான் களப்பணியின் உயிர் இருக்கிறது. டெல்லியிலோ லண்டனிலோ தெற்காசியவியல் படித்துவிட்டு ஆறு வாரம் ஊருக்கு வருகிறவராக இருந்தாலும் சரி, மதுரையிலேயே படித்து டவுன் பஸ்ஸில் களத்துக்குப் போய் வருகிறவராக இருந்தாலும் சரி, நான் சொல்ல வருவது ஒன்றுதான்: மக்களிடம் கருத்து கேட்டு அலையாதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். அதையும் அது நடக்கிற இடத்துக்கே போய்க் கேளுங்கள்.

முதலில் தலைப்பைச் சுருக்குங்கள்

'மதுரை மாவட்டத்தில் நீர் மேலாண்மை' என்பது தலைப்பே இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி முப்பது லட்சம் பேர் இருக்கிற மாவட்டம் இது. ஒரு ஆள், ஒரு பருவத்தில் பார்த்து முடிக்கிற அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கண்மாய் (பாசன ஏரி), அதன் ஆயக்கட்டு (அதன் தண்ணீர் பாய்கிற நிலம்), அதில் பாய்கிற இரண்டு மூன்று ஊர்கள், இது போதும். இல்லை, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டும் அங்கே மல்லிகை அனுப்புகிற ஒரே ஒரு கிராமமும். அல்லது சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிற ஒரு தெரு.

சின்னதாக எடுத்தால் ஆய்வு சின்னதாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். மேலூர் பக்கம் ஒரு கண்மாயின் கரையில் நின்றுகொண்டு இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பின்னால் போய்ப் பாருங்கள். பெரியாறு பிரதானக் கால்வாய், அதற்கு மேலே பேரணை, அதற்கு மேலே 1959இல் திறந்த வைகை அணை, அதையும் தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு. இரண்டு மாநிலங்களின் வழக்கு, வெள்ளைக்காரன் காலத்துப் பொறியியல், எந்த ஊருக்கு முதல் தண்ணீர் என்கிற பழைய சண்டை, எந்தத் தெருக்காரர்களுக்கு நிலம், எந்தத் தெருக்காரர்களுக்கு வெறும் கூலி, எல்லாமே அந்த ஒரு மடை (கண்மாயிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிற மதகு) வழியாகத்தான் வெளியே வருகிறது. ஒரு நிலத்தை அதன் வரலாறு, மொழி, அரசியல், பிழைப்பு எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்க்கிற வட்டார ஆய்வுக்கு இதைவிட நல்ல இடம் எது? இந்தக் கட்டுரை முழுக்கக் கண்மாயையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன், உங்கள் தலைப்புக்கு நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன்னால் காகிதம்

ஊருக்குப் போவதற்கு முன்பே அந்த ஊரைப் பற்றிக் காகிதத்தில் இருப்பதை எல்லாம் படித்துவிட வேண்டும். ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து "உங்க ஊர்ல எத்தனை கண்மாய் இருக்கு?" என்று கேட்பது அவருடைய நேரத்தை வீணாக்குவது. அது ஏற்கெனவே எங்கேயோ எழுதிக் கிடக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டில் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் மக்கள் தொகை, பாசனப் பரப்பு, பள்ளி, சாலை எல்லாம் இருக்கும். நிலத்துக்கு அ-பதிவேடும் (ஒவ்வொரு சர்வே எண்ணின் விவரம்) புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்). ஒரு சர்வே எண்ணுக்கு என்றால் அரசின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம், ஊர் முழுக்க வேண்டும் என்றால் விஏஓவிடமோ தாலுகா ஆபீஸிலோ போய் நிற்க வேண்டியதுதான். கண்மாய் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறை (ஊரில் இன்னும் பொதுப்பணித்துறை என்றுதான் சொல்வார்கள்), அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் போனால் ஆபீஸ் ஆபீஸாக அலையவிடுவார்கள்.

பழைய பதிவுகளில் நெல்சன் 1868இல் எழுதிய மதுரை நாட்டுக் கையேடும், பிரான்சிஸ் 1906இல் தொகுத்த மாவட்ட கெசட்டியரும் கட்டாயம். இரண்டும் ஆட்சி நடத்த வந்தவர்கள் எழுதியவை, சாதிகளைப் பற்றி அவர்கள் எழுதியிருப்பதை அப்படியே தூக்கி உங்கள் அத்தியாயத்தில் வைக்காதீர்கள். அன்றைய அரசாங்கம் எதைப் பார்க்க விரும்பியது என்பதற்கு அவை சாட்சி, அவ்வளவுதான். பழைய அச்சு நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள். மதுரையிலேயே நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்ததிலிருந்து உட்கார்ந்து படிக்க நல்ல இடமும் கிடைத்துவிட்டது. மூல ஆவணம் தேடுகிறவர்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கும் ஒரு வாரம் ஒதுக்கிவிடுங்கள்.

குடிமராமத்தில் (ஊர்க்காரர்களைச் சேர்த்துக் கண்மாயைச் சீர்செய்கிற வேலை) எவ்வளவு செலவானது, மீன் குத்தகை எவ்வளவுக்குப் போனது, உள்வாயில் (கண்மாய்க்குள் தண்ணீர் நிற்கிற பரப்பு) இருந்த கருவேல மரங்களை யார் ஏலம் எடுத்தார்கள் என்பதற்கெல்லாம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம், ஆனால் மேல்முறையீடு வரை போக நேரும் என்று வைத்துக்கொண்டு களத்துக்குப் போவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே போட்டுவிடுங்கள். ஊருக்குப் போய்விட்டு அங்கிருந்து மனு போட்டால் வேறு வினை வரும். மனு போட்டது யார் என்ற பேச்சு ஆபீஸிலிருந்து ஊருக்கு உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும், அப்புறம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

கண்மாயைப் பற்றி எழுதுகிறவர்கள் செயற்கைக்கோள் படங்களையும் பார்த்துவிடுங்கள். லேண்ட்சாட் படங்கள் 1970களிலிருந்து இருக்கின்றன, சென்டினல் படங்கள் 2015இலிருந்து, இரண்டுமே இலவசம். எந்த வருஷம் தண்ணீர் நிறைந்து நின்றது, எப்போது உள்வாயில் வயல் ஏறியது என்று ஓரளவு தெரியும். முக்கியமாக, அந்தப் படத்தை வண்ணத்தில் அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள். பெரியவர்கள் முன்னால் விரித்தால் போதும், நாம் கேட்காமலே ஆளுக்கு ஒரு விரலை வைத்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

எப்போது போவது

பல்கலைக்கழகம் மே மாதம் விடுமுறை விடுகிறது என்பதற்காக மே மாதம் போனால், காய்ந்த கண்மாயில் கிரிக்கெட் ஆடுகிற பையன்களைத்தான் பார்ப்பீர்கள். பெரியாறு பாசனத்தில் கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே மேலூர் பக்கம் ஒருபோகம். வழக்கமாக முதல் போகத்துக்கு ஜூனிலும் ஒருபோகத்துக்கு செப்டம்பரிலும் தண்ணீர் திறப்பார்கள், அணையில் இருப்பு குறைந்தால் தள்ளிப்போகும். மானாவாரிக் கண்மாய்க்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான். மடை திறக்கிற வாரம், நடவு, தண்ணீர் பற்றாமல் முறை வைக்கிற நேரம், அறுவடை, கடைசியில் கண்மாய் வற்றியதும் சுற்றுப்பட்டு ஊர் எல்லாம் கூடையோடு இறங்குகிற மீன்பிடித் திருவிழா. ஐந்தில் இரண்டையாவது நேரில் பார்க்கிற மாதிரி திட்டம் போடுங்கள். ஆறு வாரத்தையும் ஒரே மூச்சில் செலவழிக்காமல் மூன்று மூன்றாகப் பிரித்துக்கொண்டால் நடுவில் உட்கார்ந்து படித்து யோசிக்கவும் நேரம் கிடைக்கும்.

தைப் பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு நடக்கிற நாட்களிலும், சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்திலும் பேட்டி என்று யாரையும் பிடிக்க முடியாது. அன்றைக்குக் கூட்டத்தோடு கூட்டமாகப் போங்கள். யார் வீட்டு மாட்டுக்கு யார் துண்டு போடுகிறார்கள், எந்தத் தெருவில் சாமி நிற்கிறது, எந்தத் தெருவில் நிற்காமல் போகிறது என்று பார்த்தாலே அந்த நாளுக்கு நிறைய இருக்கிறது.

கிராமசபை தேதிகளைக் காலண்டரில் குறித்துவையுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கண்மாய் விவகாரம் ஏதாவது ஒன்று கட்டாயம் எழும். யார் பேசினார்கள், யார் எழுந்து நின்றும் பேச விடப்படவில்லை, தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதப்பட்டது என்பதைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் நுழைவது

துறைத்தலைவர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒரு கடிதம், தமிழில். ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் அதை வாங்கிப் பார்க்கிறவருக்குச் சங்கடம். அதில் நீங்கள் யார், எந்தக் கல்லூரி, எதற்காக வந்திருக்கிறீர்கள், எத்தனை நாள், சந்தேகம் இருந்தால் யாரைக் கூப்பிடலாம் என்று பத்து வரியில் இருக்கட்டும். விஏஓ, ஊராட்சி செயலர், நீர்வளத்துறை உதவிப் பொறியாளர், ஊரில் அம்பலம் (ஊர்த் தலைவர்) அல்லது பெரியவர்கள் என்று ஒரு சுற்று பார்த்துச் சொல்லிவிடுங்கள். மேலூர் பக்கத்து நாடுகளில் (பல ஊர்கள் சேர்ந்த பழைய கூட்டமைப்புகள்) அம்பலங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலையை ஆரம்பித்தால் பாதியில் நிற்கும்.

ஆனால் இங்கேதான் கவனம் வேண்டும். முதல் நாள் யாருடைய வண்டியில் வந்து இறங்குகிறீர்கள், யார் வீட்டில் சாப்பிடுகிறீர்கள், யார் திண்ணையில் உட்காருகிறீர்கள் என்பதை ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். அம்பலத்தைப் பார்த்த அன்றைக்கே, முடிந்தால் அடுத்த மணி நேரத்திலேயே, காலனிக்கும் (தலித் மக்கள் குடியிருக்கிற பகுதி) போய் அங்கே இருக்கிற பெரியவர்களிடமும் அதே கடிதத்தைக் காட்டி, அதே விளக்கத்தைச் சொல்லி, கொடுத்தால் தண்ணீரும் காப்பியும் வாங்கிக் குடியுங்கள். இந்தப் பக்கம் "அய்யா" என்று கூப்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் வயதில் மூத்தவரைப் பேர் சொல்லி அழைக்கிற பழக்கம் ஊரில் இருக்கலாம், உங்களிடம் இருக்கவே கூடாது. அங்கேயும் அய்யா, அங்கேயும் அப்பத்தா, அங்கேயும் அண்ணே. உங்களைக் கூட்டிப்போகிற உள்ளூர்ப் பையன் எந்தத் தெரு என்பதும் உங்கள் தகவலைப் பாதிக்கும், ஒரே ஆளோடு எல்லா வீட்டுக்கும் போகாதீர்கள்.

இந்த மண்ணில் பட்ட காயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள். 1997இல் மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவரையும் உடனிருந்தவர்களையும் வெட்டிக் கொன்றது, தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996இலிருந்து 2006 வரை தேர்தலை ஒழுங்காக நடத்த முடியாமல் போனது, இதையெல்லாம் எழுத வந்தவர்களை இந்த ஊர்கள் நிறையப் பார்த்துவிட்டன. எழுதிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை என்ற கோபம் இரண்டு பக்கமும் உண்டு. அதேபோல அரிட்டாபட்டியைச் சுற்றி 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்து, ஊர் ஊராக மக்கள் ரோட்டுக்கு வந்து, 2025 ஜனவரியில் அது ரத்தானது. அந்தப் பக்கம் போய்ச் சொல்லாமல் கொள்ளாமல் கண்மாய்க் கரையில் ஜிபிஎஸ்ஸை வைத்து அளந்தால் என்ன நினைப்பார்கள்? நிலம் எடுக்க வந்த ஆள் என்றுதான். எனவே முதல் வாரம் எதையும் அளக்க வேண்டாம், ட்ரோன் பேச்சே வேண்டாம். டீக்கடையில் உட்காருங்கள், பஸ்ஸில் வாருங்கள். வந்து போகிற முகம் பழகட்டும்.

சம்மதம் வாங்குவது

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு கொடுக்கிற படிவம் பெரும்பாலும் நம் ஊருக்காக எழுதப்பட்டதில்லை. இரண்டு பக்கம் அச்சடித்த தாளை நீட்டி, கையெழுத்து தெரியாதவர்களிடம் பெருவிரல் ரேகை வாங்கச் சொல்வார்கள். உசிலம்பட்டி பக்கம் அதைச் செய்யாதீர்கள். அங்கே ரேகைச் சட்டம் என்றால் இன்றைக்கும் தெரியும். ஒரு சமூகத்தையே குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தி, ஆண்களின் கைரேகையைப் பதிந்து, ராத்திரியானால் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வைத்த சட்டம். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூட்டில் 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது 1947இல்தான். தாத்தாவிடம் வாங்கிய ரேகையைப் பேரனிடமும் கேட்டு நிற்கிற ஆளாக நீங்கள் ஆக வேண்டாம்.

வாய்மொழிச் சம்மதம் போதும் என்று குழுவிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள், காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் தருவார்கள். பதிவு ஆரம்பிக்கிறபோது, "நான் இன்ன கல்லூரி, கண்மாயைப் பத்தி எழுதுறேன், நீங்க பேசுறதப் பதிவு பண்ணிக்கிறேன், உங்க பேரு வராது, வேணாம்னா எப்ப வேணும்னாலும் நிறுத்திரலாம், பின்னாடி வேணாம்னு தோணுனாலும் சொல்லுங்க, அழிச்சிர்றேன், சரியாய்யா?" என்று கேட்டு அவர் சொல்கிற பதிலையும் பதிவாக்கிக்கொண்டால் வேலை முடிந்தது. உங்கள் பெயர், கைபேசி எண் எழுதிய ஒரு சின்னச் சீட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பேச்சு

"கண்மாய்ப் பராமரிப்பில் சமூகப் பங்களிப்பு பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால், "எல்லாரும் ஒத்துமையாத்தான் தம்பி இருக்கோம்" என்று பதில் வரும். அதை வைத்து ஒரு வரி எழுத முடியாது. பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "கடைசியா கண்மாய் நெறஞ்சு மறுகால் பாஞ்சது எந்த வருசம்யா? அன்னைக்கு மொத மடையத் தொறந்தது யாரு? யார் சொல்லித் தொறந்தாக?" இப்போது ஆள் யோசிப்பார். பேர் வரும், நாள் வரும், அன்றைக்கு வந்த சண்டை வரும், அந்தச் சண்டையில் யார் பக்கம் யார் நின்றார்கள் என்பது வரும். கேள்வித்தாளில் இருக்கிற ஒவ்வொரு 'என்ன நினைக்கிறீர்கள்' கேள்வியையும் அடித்துவிட்டு, 'கடைசியாக எப்போது, யார், எப்படி' என்று மாற்றி எழுதுங்கள். களத்துக்குப் போவதற்கு முந்தின வாரம் செய்ய வேண்டிய மிக முக்கியமான வேலை இதுதான்.

அடுத்தது, உட்கார வைத்துப் பேசாமல் நடந்துகொண்டே பேசுவது. நீர்க்கட்டி அல்லது நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார், மடை திறப்பது மூடுவது, வயல் வயலாகத் தண்ணீர் கட்டுவது அவர் பொறுப்பு, பல ஊர்களில் கூலி அறுவடையின்போது நெல்லாகத்தான். அவரோடு விடிகாலையில் கரையில் நடங்கள். நான் கூடப் போன ஒரு நீர்க்கட்டி வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வாய்க்கால்) வந்து சேருகிற இடத்திலிருந்து கலுங்கு (மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம்) வரைக்கும் என்னைக் கூட்டிப்போனார். வழியில் மடையின் கல்படியைக் காட்டி, "இந்த மூணாம்படி முங்கிருச்சுன்னா ரெண்டு மடையும் தொறக்கலாம். படி தலையக் காட்டுச்சுன்னா முறைத்தண்ணிதான், அப்ப எவன் வந்து கேட்டாலும் கெடையாது" என்றார். எந்த ஆபீஸ் கோப்பிலும் அந்தப் படி இல்லை. கொஞ்ச தூரம் போனதும் மம்பட்டியால் ஒரு வாய்க்காலைத் தட்டிவிட்டு, கடைமடைக்காரர்கள் (வாய்க்காலின் கடைசியில் வயல் இருக்கிறவர்கள்) எந்தத் தெரு, அவர்களுக்கு எத்தனையாவது நாள் தண்ணீர் எட்டும் என்று தானாகவே சொல்ல ஆரம்பித்தார். வீட்டில் உட்கார்ந்து நான் ஆயிரம் கேள்வி கேட்டிருந்தாலும் அந்தக் கணக்கு வந்திருக்காது, ஏனென்றால் அதைக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியிருக்காது.

வருஷம் கேட்டால் பலருக்குத் தெரியாது. அதற்கு நீங்களே ஒரு நிகழ்ச்சிப் பட்டியல் தயாரித்துக்கொள்ளுங்கள்: எம்ஜிஆர் இறந்தது 1987 டிசம்பர், சுனாமி 2004, ரூபாய் நோட்டு செல்லாமல் போனது 2016 நவம்பர், வாடிவாசல் போராட்டம் 2017 ஜனவரி, கொரோனா 2020. "எம்ஜிஆர் சாகுறதுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். இன்னும் பின்னால் போக, மூத்தவர்கள் தமிழ் வருஷப் பெயரைச் சொல்வார்கள். தாது வருஷம் என்றால் 1876. ஆனால் அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பும், அதனால் எந்தச் சுற்று என்று இன்னொரு கேள்வி போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நிலத்தைக் குழி, குறுக்கம், மரக்கால் என்று எந்த அளவில் சொன்னாலும் அப்படியே எழுதுங்கள். அந்த ஊரில் அது எத்தனை செண்ட் என்று இரண்டு பேரிடம் கேட்டு ஓரத்தில் குறித்துவைத்தால் போதும்.

பத்துப் பேர் கூடி நிற்கிற இடத்தில் ஊர்ப் படம் வரையச் சொல்லலாம். தரையில் கோலமாவு, இடங்களைக் குறிக்கக் கல்லும் வேப்பிலையும். முதலில் வரைகிறவர் எந்த இடத்தைப் படத்தின் நடுவில் வைக்கிறார், காலனியை விட்டுவிடுகிறாரா, சுடுகாட்டுப் பாதையை யார் ஞாபகப்படுத்துகிறார் என்று கவனியுங்கள். படம் முடிந்ததும் போட்டோ எடுத்துக்கொண்டு, அதே வேலையைக் காலனியிலும் ஒரு தடவை, பெண்களோடு ஒரு தடவை செய்யுங்கள். மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு அத்தியாயத்துக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

பெண்களிடம் பேசுவதற்கு என்று நேரம் பார்க்க வேண்டும். வீட்டில் போய் உட்கார்ந்தால் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவரே பதில் சொல்வார். நூறு நாள் வேலை நடக்கிற கண்மாய்க் கரைக்குப் போங்கள், சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் உட்காருகிறபோது அந்தப் பேச்சே வேறு. யார் பெயரில் பட்டா, யார் உண்மையில் களை எடுக்கிறார்கள், ராத்திரி தண்ணீர் முறை வந்தால் யார் போகிறார்கள் என்று எல்லாம் வரும். மல்லிகை விளைகிற ஊர் என்றால் இன்னும் கவனம்: பூ எடுக்க விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள், காலை பத்து மணிக்கு நீங்கள் போனால் பூ மார்க்கெட்டுக்கும் ஆள் அடுப்படிக்கும் போயிருக்கும். மத்தியானம் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் போய்ப் பாருங்கள், அதுவும் அவர்கள் தூங்க நினைக்கிற நேரமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

பேட்டிக்குக் காசு கொடுப்பதா என்று கேட்பார்கள். நான் கொடுக்க வேண்டாம் என்பேன், ஆனால் யாருடைய கூலி நேரத்தையும் எடுக்காதீர்கள். எடுத்த போட்டோவை அச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள், அதற்கு இருக்கிற மரியாதை எதற்கும் இல்லை.

தனியாகப் போகிற பெண் ஆய்வாளர்களுக்கு: சாதாரண டவுன் பஸ்ஸில் 2021இலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் தினமும் போய் வருவது கையைக் கடிக்காது. கடைசி பஸ் நேரத்தை டிரைவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இருட்டியபின் கரையில் பேட்டி வேண்டாம், குடித்திருக்கிற ஆளிடம் எந்தப் பேட்டியும் வேண்டாம். ஊரில் ஒரு அக்காவிடமாவது இன்றைக்கு இன்ன தெருவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஏதாவது சரியில்லை என்று மனசுக்குப் பட்டால் தகவல் போனால் போகட்டும், எழுந்து வந்துவிடுங்கள்.

அன்றைக்கு ராத்திரி

பேட்டி எடுத்த அன்றைக்கே எழுதாத குறிப்பு பாதி செத்துப்போகும். களத்தில் சின்ன நோட்டில் சொற்களாக மட்டும் குறித்துக்கொண்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து விரித்து எழுதுங்கள். பார்த்தது ஒரு பக்கம், அவர்கள் சொன்னது அவர்கள் சொல்லிலேயே ஒரு பக்கம், உங்களுக்குத் தோன்றியது தனியாக ஒரு பக்கம். மூன்றையும் கலக்கக் கூடாது, ஆறு மாதம் கழித்து எது யார் சொன்னது என்று உங்களுக்கே தெரியாது.

பதிவு செய்யும்போது கைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்து பதிவு நிற்காது. கோப்புக்குப் பெயராகத் தேதியும் ஒரு எண்ணும் மட்டும் வையுங்கள், ஆள் பெயர் வேண்டாம். எண்ணுக்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பு ஒரு தனி நோட்டில், அது வீட்டிலேயே இருக்கட்டும். தினமும் இரண்டு இடத்தில் நகல். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும், எனவே வாரம் ஒரு நாள் களத்துக்குப் போகாமல் உட்கார்ந்து அதை முடியுங்கள். அப்போதுதான் கேட்க மறந்தது தெரியும், அடுத்த வாரம் போய்க் கேட்கலாம். ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் எழுத்தாக்கத்தைப் பேசிய தமிழிலேயே வையுங்கள், மேற்கோள் காட்டுகிற வரிகளை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்தால் போதும். "தொறந்துவிட்டாக" என்று அவர் சொன்னதை "திறக்கப்பட்டது" என்று நீங்கள் எழுதிவிட்டால், யாரோ சிலர் திறந்தார்கள் என்பதே காணாமல் போய்விடும்.

வீடு வீடாகக் கணக்கு எடுக்கிறவர்களுக்குக் கோபோ டூல்பாக்ஸ் என்கிற கேள்வித்தாள் செயலி இலவசம், சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். கேள்விகளை நல்ல தமிழில் ஏற்றி, ஐந்து வீட்டில் ஓட்டிப் பார்த்துத் திருத்திவிட்டு ஆரம்பியுங்கள்.

பெயரை மறைப்பது

பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஒரு கண்மாய்க்கு ஒரே நீர்க்கட்டி. ஊர்ப் பெயரை எழுதிவிட்டு நீர்க்கட்டிக்கு மட்டும் வேறு பெயர் வைத்தால் யாருக்குத் தெரியாது? ஊர்ப் பெயரை மாற்றினாலும் ஆயக்கட்டு ஏக்கர், கோயில், அணைக்கட்டு எல்லாம் அப்படியே இருந்தால் மேலூர்க்காரர் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஒருவருக்குக் கேடு வரக்கூடிய தகவல் எது என்று பட்டியல் போடுங்கள்: ஆக்கிரமிப்பு யாருடையது, ஏலத்தில் யார் காசு வாங்கினார், எந்தத் தெருக்காரரை மடையிலிருந்து விரட்டினார்கள். அந்தத் தகவலை எந்தத் தெருவில் யார் சொன்னார் என்று காட்டாமல், இரண்டு மூன்று பேர் சொன்னதைச் சேர்த்து எழுதுங்கள். "இத எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சொன்னதை எழுதக் கூடாது, அது எவ்வளவு நல்ல தகவலாக இருந்தாலும். உங்கள் பட்டம் ஒரு வருஷ விஷயம், அவர் அந்த ஊரில் காலம் முழுக்க இருக்க வேண்டும்.

எப்போது நிறுத்துவது

புதிதாகப் பார்க்கிற ஆள் சொல்வது ஏற்கெனவே கேட்டதாகவே இருந்தால் அந்த வகை ஆட்களிடம் போதும் என்று அர்த்தம். ஆனால் எந்த வகை ஆட்களிடம் என்று பிரித்துப் பாருங்கள். தலைமடை நிலக்காரர்களிடம் இருபது பேரைப் பார்த்துவிட்டுக் கடைமடையில் இரண்டே பேரை, நிலமில்லாதவர்களில் ஒருவரைக்கூடப் பார்க்காமல், தகவல் நிறைந்துவிட்டது என்று சொல்லக் கூடாது. முதுகலை அளவுக்கு முப்பது ஆழமான பேட்டிகள் தாராளம், அவை ஊரின் எல்லா மூலையிலிருந்தும் வந்திருந்தால்.

முதல் வரைவு முடிந்ததும் நான்கு பக்கத்தில் தமிழில் ஒரு சுருக்கம் எழுதி, நீங்கள் வரைந்த கண்மாய்ப் படத்தோடு ஊருக்குத் திரும்பிப் போங்கள். நீர்க்கட்டியிடம் படத்தைக் காட்டுங்கள், காலனியிலும் காட்டுங்கள், டீக்கடையிலும் நான்கு பேர் இருக்கிறபோது சுருக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். "இங்க ஒரு சின்ன மடை இருக்குமேய்யா, அத விட்டுட்டியே", "அது எங்க அய்யா காலத்துல இல்ல, அதுக்கு முந்தி" என்று திருத்தம் வரும், ஒருவர் சொன்ன திருத்தத்தை இன்னொருவர் மறுத்தும் பேசுவார். அந்தத் திருத்தங்களைத் தேதியோடு வேறு நிற மையில் எழுதிக்கொண்டு, ஒத்துப்போகாதவற்றையும் சேர்த்தே ஆய்வேட்டின் பின்னிணைப்பில் போட்டுவிடுங்கள்.